நஞ்சுக்கு எல்லைக்கல் இல்லை

(கொடைக்கானலில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகச் சிக்கல்களும் பன்னாட்டு ஒத்துழைப்பும் என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இத்தலைப்பைக் கேட்ட அளவில், பறக்கும் வெண்புறாவும், கைகோத்து நிற்கும் பன்னிறச் சிறுவர் படமுமே நம்மிற் பலர்க்கு நினைவில் எழும். அப்படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். யான் அத்தகைய பேச்சுப் பேச வரவில்லை. நாம் கூடியிருக்கும் இம்மலையைப் பற்றியே பேச வந்தேன்.

இம்மலை உலகத்துக்கு ஒன்றைக் கொடுத்தது. உலகம் இம்மலைக்கு ஒன்றைக் கொடுத்தது. மலை கொடுத்தது, ஞாயிற்றைப் பற்றிய அறிவு. மலை பெற்றது, இதள் என்னும் நஞ்சு. பாதரசம் என்று பலரும் வழங்கும் பொருளுக்கு நம் மொழியில் இதள் என்று பெயர். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போமாயின், ஒத்துழைப்பு என்பது எது, அப்பெயரால் நடப்பது எது என்பது தெளிவாகும்.

மலை கொடுத்தது

1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடிய வற்கடம் வாட்டியது. தாதுவருடப் பஞ்சம் என்று ஊர்ப்புறத்துப் பாட்டிமார் சொல்லிவந்தது அதுதான். மழை ஏன் பொய்த்தது? ஞாயிற்றில் நிகழும் மாற்றத்துக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா? இவ்வினாக்கள் அக்காலத்து அறிவியலாரை உறுத்தின. ஞாயிற்றை நாள்தோறும் நோக்கத்தக்க உயரமும் தெளிவான வானும் உள்ள இடத்தைத் தேடினர். 1792இல் சென்னையில் தோன்றிய வான்காட்சிக் கூடத்தின் பணி, 1899இல் இக்கொடைக்கானல் மலைக்கு வந்து சேர்ந்தது. 1901இல் இங்கு நோக்குப் பணி தொடங்கிற்று. பசித்தவன் கேட்ட வினாவே இக்கூடத்துக்கு அடிக்கல் என்பதை நாம் மறத்தலாகாது.

1909ஆம் ஆண்டு சனவரித் திங்களில், இங்குப் பணியாற்றிய சான் எவர்செட்டு என்னும் ஆங்கில அறிஞர், ஞாயிற்றின் கரும்புள்ளிகளில் வளி நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் புறத்தே பாய்கிறது என்று கண்டறிந்தார். உலகெங்கும் வானியல் நூல்களில் அது 'எவர்செட்டு விளைவு' என்றே இன்றும் வழங்குகிறது. கூடத்தை அமைத்தவர் ஆங்கிலேயர்; கண்டவர் ஆங்கிலேயர். அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின், பனியிலும் குளிரிலும் விடியலில் எழுந்து, கருவியைத் துடைத்து, ஒளிப்படத் தகடுகளை ஆண்டு தவறாமல் எடுத்து வைத்த பணியாளர் பலரின் பெயரை எந்த நூலும் கூறவில்லை. அவர்தம் உழைப்பும் அந்த அறிவுக்குள் அடங்கியிருக்கிறது.

1904 முதல் நூறாண்டுக்கு மேலாக எடுக்கப்பட்ட அப்படங்கள் இன்று கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, எந்நாட்டு ஆய்வாளரும் பெறத்தக்கவாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் மவுண்ட்டு வில்சன் கூடத்துப் படங்களோடு நம் மலைப் படங்களையும் ஒட்டிப் பார்த்தே ஞாயிற்றின் நெடுங்கால வரலாற்றை ஆராய்கின்றனர். ஓரிடத்தில் முகில் மூடிய நாளின் குறையை மற்றோரிடத்துப் படம் நிரப்புகிறது.

ஞாயிறு எந்த ஓரிடத்து வானிலும் ஆண்டு முழுதும் இருபத்துநான்கு மணிநேரமும் நிற்பதில்லை. எத்துணைச் செல்வமுடைய நாடாயினும் இரவில் அதற்கு ஞாயிறு தெரியாது. ஆகலான், ஞாயிற்றின் உள்ளதிர்வுகளை இடைவிடாது நோக்க, 1995 முதல் ஆறிடங்களில் ஒரே வகைக் கருவியை நிறுவினர். அவற்றுள் ஒன்று நம் நாட்டு உதயப்பூரில் உள்ளது. ஏனையவை கலிபோர்னியா, அவாய், ஆத்திரேலியா, கேனரித் தீவு, சிலி ஆகிய இடங்களில் உள்ளன. ஓரிடத்தில் ஞாயிறு மறையும்பொழுது அடுத்த இடத்தார் பணியை ஏற்கின்றனர். இங்கே நன்கொடை இல்லை, கெஞ்சுதல் இல்லை. ஒருவர் கண் மற்றவர்க்குத் தேவை. இதுவே உண்மையான ஒத்துழைப்பு.

மலை பெற்றது

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1980களின் முற்பகுதியில், காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று இக்கொடைக்கானலில் எழுந்தது. அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிவந்த தொழில் அது. பாண்ட்சு நிறுவனத்தார் அதனை இங்குக் கொணர்ந்தனர். பின்னர் அது யூனிலீவர் என்னும் பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், இந்துத்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று.

அத்தொழிலின் போக்கைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இதள் கடல்கடந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானி பெரும்பாலும் கடல்கடந்து போயிற்று. இங்கே தங்கியவை இரண்டே. ஒன்று, கூலி. மற்றொன்று, கழிவு.

2001ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முஞ்சிக்கல் பகுதியில் பழம்பொருள் வாங்கும் கடையொன்றில், இதள் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்து கிடந்ததை மக்களும் இயற்கைக் காப்பு அமைப்பினரும் வெளிப்படுத்தினர். பழனிமலைக் காப்புக் குழுவும் கிரீன்பீசு என்னும் பன்னாட்டு அமைப்பும் அதில் முன்னின்றன. அவ்வாண்டிலேயே தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிற்சாலையை ஒட்டிச் சரிவில் இறங்குவது பாம்பாற்றுச் சோலை. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாய் வீழ்ந்து சமவெளிக்குப் போகிறது. மேலே சிந்தியது மேலேயே நிற்பதில்லை என்பதை மலைவாழ்நர்க்கு யான் சொல்ல வேண்டுவதில்லை. 2006இல் வெளியான ஆய்வொன்று, கொடைக்கானல் ஏரியின் அடிமண்டியிலும் மீனிலும் இதள் ஏறியிருத்தலைக் காட்டிற்று.

2003இல், கண்ணாடிக் கழிவும் இதளும் செய்து முடியாத வெப்பமானிகளுமாக ஏறத்தாழ 290 டன் பொருள் கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பியது. ஏழை நாட்டின்மேல் இறக்கிய நச்சுக்கழிவு, செல்வ நாட்டுக்கே திரும்பிச் செல்வது உலகில் எளிதில் காணக்கூடியது அன்று. மலையூர் மக்கள் கேட்டதும், அவர்க்குத் தோள்கொடுத்து அயல்நாட்டார் கேட்டதும் ஒன்றானமையே அதற்குக் கரணியம்.

ஆயினும் சிக்கல் அத்தோடு முடியவில்லை. உடல்நலங் கெட்டதாக முறையிட்ட பழைய தொழிலாளர்கள் வழக்குமன்றப் படியேறினர். தொழிலால் நோய் வரவில்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. 2015இல் சென்னையைச் சேர்ந்த இளம்பாடகி சோபியா அசரப்பு பாடிய பாட்டொன்று இணையத்தின் வழியே உலகெங்கும் பரவிற்று. 2016 மார்ச்சில், 591 பழைய தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடிப் பதினைந்தாண்டு கழித்து வந்த உடன்பாடு அது! அதனைக் காணாமலே கண்மூடியோர் உண்டு.

மண்ணைத் தூய்மை செய்வதிலும் ஒரு வழக்கு எழுந்தது. 1 கிலோகிராம் மண்ணில் 20 மில்லிகிராம் இதள் வரை எஞ்சலாம் என இங்கு அளவு வகுத்தனர். இயற்கைக் காப்பாளர் அதனை ஏற்கவில்லை. இதே மாசு இங்கிலாந்தில் ஒரு சோலையின் தலைமாட்டில் நேர்ந்திருப்பின், இதனினும் கடுமையான அளவையன்றோ கேட்பீர்கள் என்று வினவினர். அவ்வினாவில்தான் இன்றைய என் பேச்சின் உயிர் இருக்கிறது. உடல் ஒன்று; நஞ்சு ஒன்று; அளவு மட்டும் இரண்டா?

எல்லை அறியாத பொருள்

இதள், நீர்போல் ஓடும் மாழை. நீரைவிடப் பதின்மூன்று மடங்குக்கு மேல் எடையுடையது. ஆயினும் அறையின் வெப்பத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகும். வானில் ஏறிய ஆவி பல திங்கள் தங்கி, கண்டம் விட்டுக் கண்டம் செல்லும். மழையோடு இறங்கும். நீரடி மண்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் இதள் என்னும் கொடிய வடிவாக மாற்றும். அதனைப் பாசி ஏற்கும்; பாசியைச் சிறுமீன் தின்னும்; சிறுமீனைப் பெருமீன் தின்னும்; படிக்குப் படி நஞ்சு திரளும். இறுதியில் அது தாயின் குருதி வழியே கருவிலுள்ள மகவின் மூளையைத் தாக்கும். தொழிற்சாலையே இல்லாத வடமுனைப் பனிநாட்டில் வாழும் இனுவிட்டு மக்களின் உடலிலும் இதள் மிகுதியாய் உள்ளது. அவர்கள் செய்த பிழை என்ன? கடலுயிரை உணவாகக் கொண்டதுதான்.

இக்கொடுமையின் பெயரே ஒரு சப்பானிய ஊரின் பெயராயிற்று. மினமாட்டா என்பது மீனவர் ஊர். சிசோ என்னும் வேதித் தொழிற்சாலை தன் கழிவை அங்குள்ள வளைகுடாவில் விட்டுவந்தது. பூனைகள் பித்தேறிச் செத்தன. 1956இல் அந்நோய் அலுவல்முறையில் பதிவாயிற்று. கழிவே கரணியம் என்று அந்நாட்டு அரசு ஒப்பியதோ 1968இல். பன்னிரண்டு ஆண்டு நஞ்சு ஓடிக்கொண்டேயிருந்தது. அறியாமையினால் அன்று, அறிந்ததைச் சொல்லாமையினால். ஆகவே, அறிவைத் திறந்து வைப்பது ஒத்துழைப்பின் முதற்கூறு என்பேன். ஞாயிற்றுப் படத்தைத் திறந்து வைத்த மலைக்குத் தன் மண்ணில் எவ்வளவு நஞ்சு உள்ளது என்னும் கணக்கும் திறந்து வைக்கப்பட வேண்டும்.

உடன்படிக்கைகள் கற்பித்தவை

நச்சுக்கழிவைப் பிறநாட்டில் கொட்டுவதைக் கட்டுப்படுத்தப் பேசல் உடன்படிக்கை 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்தது. பெறும் நாட்டின் இசைவின்றி அனுப்பக் கூடாது என்றது. நன்று. ஆனால் கழிவைக் கப்பலேற்றத்தான் கட்டுப்பாடு. கழிவு பிறக்கும் தொழிற்சாலையையே கப்பலேற்றினால் என் செய்வது? அந்த ஓட்டையின் வழியே எத்தனையோ தொழில்கள் எளிய நாடுகளுக்கு இறங்கியுள்ளன.

பின்னர் இதளுக்கென்றே ஓர் உடன்படிக்கை பிறந்தது. 2013 அக்தோபர் 10ஆம் நாள், மினமாட்டா அடங்கிய குமமோட்டோ நிலப்பகுதியில் அது நிறைவேறிற்று. 2017 ஆகத்து 16இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஒப்புதல் அளித்தது. இன்று 140க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. புதிய இதள் சுரங்கம் தோண்டுதல் கூடாது. இதள் கொண்ட வெப்பமானி முதலியவற்றைச் செய்தலும் நாடுவிட்டு நாடு அனுப்புதலும் 2020ஐ ஒட்டி நிற்றல் வேண்டும். விலக்கு வேண்டும் நாடு அதனைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும் என்பன அதன் கூறுகளுட் சில. இங்கே சிறப்பு யாதெனில், ஒரு நாட்டில் தடுக்கப்பட்ட தொழில் அடுத்த நாட்டில் கால் ஊன்றும் வழியை அது குறுக்குகிறது. எல்லா வாயிலையும் ஒருங்கே அடைத்தாலன்றி எலி பிடிபடாது.

ஒத்துழைப்பு வென்ற கதையும் உண்டு. ஓசோன் படலத்தில் பெருந்துளை விழுந்த செய்தி 1985இல் வெளிவந்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்பாடு பிறந்தது. குளிர்பெட்டிக்குப் பயன்பட்ட வேதிவளிகளை விடச் சொன்னார்கள். இந்தியாவும் சீனாவும் உடனே ஒப்பவில்லை. 'துளை போட்டவர் நீங்கள். மாற்றுத் தொழில்நுட்பமும் உங்களிடமே உள்ளது. செலவை எங்கள் தலையில் ஏற்றுவது முறையா?' என்பது அவற்றின் வாதம். 1990இல் இலண்டனில் கூடியபொழுது, செல்வ நாடுகள் பொருள் இட்டு ஒரு பொதுவைப்பை நிறுவ இசைந்தன. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் காலமும் தரப்பட்டது. அதன்பின் உலகின் எல்லா நாடுகளும் அவ்வுடன்பாட்டில் சேர்ந்தன. தென்முனைக்கு மேலுள்ள துளை 2066ஐ ஒட்டி 1980இன் நிலைக்கு மீளும் என்று அறிவியலார் கணிக்கின்றனர். முறை செய்தபின்னரே ஒற்றுமை வந்தது என்பதை ஊன்றிக் கவனியுங்கள்.

தலைமடையும் கடைமடையும்

'அயலான் நம்மைக் கெடுத்தான். அவனோடு நமக்கென்ன ஒத்துழைப்பு?' என்று கேட்போர் நம்மிடையே உள்ளனர். அவர் சினம் எனக்குப் புரிகிறது. அவர்க்கு நம் ஏரிப்பாசனத்தையே மறுமொழியாகத் தருவேன்.

ஏரி ஒன்று, வயல் பல. தலைமடையில் உள்ளவனுக்கு நீர் முதலில் கிட்டும். கடைமடையில் உள்ளவன் கையேந்தி நிற்பான். இருவரும் பகைத்துக்கொண்டு, அவரவர் வரப்புக்குள் அவரவர் வேந்தர் என்றிருப்பின், கரை உடையும் நாளில் இருவர் பயிரும் ஒருங்கே அழியும். ஆகவே நம் முன்னோர் முறை வகுத்தனர். இன்னாருக்கு இத்தனை நாழிகை நீர் என்றனர். நிலத்தின் அளவுக்கேற்பக் குடிமராமத்துக்கு ஆள் தரச் சொன்னார்கள். சில ஊர்களில் நீர் பாய்ச்சும் பொறுப்பை நிலமில்லாத ஒருவரிடமே ஒப்படைத்தனர். அவர்க்குத் தன் வயல் இல்லையாகலின் ஓரம் சாயமாட்டார் என்று கருதினர். முறை வகுத்ததனால் எவனும் தன் வயலை இழக்கவில்லை, வரப்பும் அழியவில்லை.

உலகமும் ஓர் ஏரிப்பாசனமே. செல்வ நாடுகள் தலைமடையில் நிற்கின்றன. நாம் நெடுங்காலம் கடைமடையில் நின்றோம். தன்னுரிமை வேண்டும் மக்களுக்குப் பன்னாட்டு முறை பகையன்று. முறையில்லாத உலகில்தான் வலியவன் சொல் சட்டமாகும். இதள் வழக்கில் நம் மலையின் மெலிந்த குரலை உலகம் கேட்டதும், அம்முறையின் சிறு கீற்று முளைத்தமையால்தான்.

இன்னொன்றும் கூறுவேன். பழனிக்குப் பழம்பெயர் பொதினி. அம்மலையை ஆண்ட ஆவியர் குடியிற் பிறந்தவன் பெரும்பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று நாம் அனைவரும் படித்துள்ளோம். ஆயின் புறநானூற்றை முழுமையாகப் பயின்றோர் மற்றொன்றையும் அறிவர். அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து அவளைத் துயருள் ஆழ்த்தினான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள் அவன்முன் நின்று, அவளுக்கு அருளுமாறு வேண்டினர். கேளாத மயிலுக்குப் போர்வை கொடுத்தது கொடை; தன்னால் துயருற்றவள் கண்ணீரைத் துடைத்தல் கடமை. கொடையைக் காட்டிக் கடமையை மறைக்க அப்புலவர்கள் இடங்கொடுக்கவில்லை. இன்றைய செல்வ நாடுகளும் பெருநிறுவனங்களும் போர்வை ஈவதில் வல்லன. மரம் நடும் விழா எடுப்பன. பள்ளிக்கு நாற்காலி தருவன. நாம் கேட்க வேண்டுவது, 'நீ சிந்தியதைத் துடைத்தாயா?' என்பதே.

நம் பங்கு

நம்மை நாமும் வினவிக்கொள்ளல் வேண்டும். வானில் இதளை ஏற்றும் வழிகளுள் தலையாயவை, சிறுதொழிலாய்ப் பொன் பிரித்தலும் நிலக்கரி எரித்தலும். நம் அனல்மின் நிலையங்களின் புகையும் அதில் சேர்கிறது. நாம் எரிக்கும் விளக்கின் பங்கு எங்கோ ஒரு பனிநாட்டுக் குழந்தையின் உணவில் இறங்குகிறது. அவ்வகையில் நாமும் ஒருவனுக்குத் தலைமடை. கீழ்நாட்டிலிருந்து ஊர்தியேறி வருவோர் ஞெகிழிப் பையை இம்மலைச் சரிவில் வீசிப் போவதும் அதே இயல்புதான். வெப்பமானி ஆலையின் உடைந்த கண்ணாடியை வெறுங்கையால் அள்ளியவரும் நம்மிடையே இருந்த மிக எளியவரே. சுமத்துவோர் எப்பொழுதும் தமக்குக் கீழுள்ளவரையே தேடுகின்றனர்.

ஆகவே மாணவர்களே, மூன்று அளவுகோல்களை உங்களிடம் தருகிறேன். நாடுகளுக்கிடையே எந்த உடன்பாட்டைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தாலும் இவற்றால் அளந்து பாருங்கள். அறிந்த உண்மை எல்லார்க்கும் திறந்துள்ளதா? தனக்கு ஓர் அளவு, பிறனுக்கு ஓர் அளவு என்னும் இரட்டைப்படி இல்லாதிருக்கிறதா? மிகுதியாய் ஈட்டியவன் மிகுதியாய்ச் சுமக்கிறானா? மூன்றும் இருப்பின் அது ஒத்துழைப்பு. ஒன்று குறையினும் அது வாணிகம்.

வீட்டுக்கும் ஒரு செய்தி. பழைய வெப்பமானி ஒன்றில் ஏறத்தாழ 1 கிராம் இதள் உண்டு. அது உடைந்தால் கையால் தொடாதீர், துடைப்பத்தால் பெருக்காதீர், கழிநீர் வாயில் ஊற்றாதீர். குழந்தைகளை அப்புறப்படுத்திப் பலகணிகளைத் திறந்து வையுங்கள். தடித்த தாளால் உருண்டைகளை ஒன்று கூட்டி, மூடியுள்ள குப்பியில் அடைத்து, மருத்துவமனைக் கழிவு ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள். உலகைக் காக்கும் பணி, உடைந்த குழல் ஒன்றை ஒழுங்காகக் கையாளுவதிலும் தொடங்கும்.

இம்மலையில் நீலக்குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்கும். இங்கே அமர்ந்திருக்கும் சிறுவர்கள் அன்று இளைஞராய் இச்சரிவில் நிற்பர். அதற்குள் பாம்பாற்றுச் சோலையின் மண் எவ்வளவு தூய்மையாயிற்று என்னும் கணக்கை அவர்கள் கேட்டுப் பெற்றிருத்தல் வேண்டும். கேட்பது அவர்கள் உரிமை. கேட்கக் கற்பிப்பது ஆசிரியராகிய நம் கடன்.